பழங்கஞ்சி தொப்பையைக் கரைக்குமா?



உணவைப் பற்றியும் இடுப்பளவைப் பற்றியும் எழுதுவது மதரஸா ஆசிரியனின் வேலைதானா என்று சிலர் நினைக்கலாம். எங்கள் புதுக்கடைப் பகுதியில் உடல்நலம் பற்றிய கேள்விகள் மருத்துவரிடம் போவதற்கு முன் உஸ்தாதிடம் வருவதே வழக்கம். இந்த எண்ணெய் ஸுன்னத்தா, அந்தப் பொடி ஸுன்னத்தா, தேனை எந்த நேரத்தில் குடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். நான் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆகவே பெரும்பாலான கேள்விகளை மருத்துவரிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் இந்த ஆண்டு ஒரு கேள்வி என் சொந்த வீட்டிலிருந்தே எழுந்தது. அதை அப்படித் திருப்பி அனுப்ப இயலவில்லை.

என் காக்கா சவூதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டுநராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்த உடல் அது. நீரிழிவுக்கு ஐந்து ஆண்டுகளாக மாத்திரை உண்கிறார். மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவர் அவரது இடுப்பை நாடாவால் அளந்து 106 சென்டிமீட்டர் என்று குறித்தார். வயிற்றைக் குறைக்காவிட்டால் மாத்திரை இன்சுலின் ஊசியாக மாறும் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த வாரத்திலேயே காக்காவின் கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்து சேர்ந்தது. புளித்த உணவுகளில் புரதம் நிறைந்திருக்கிறது, பழங்கஞ்சியை நாற்பது நாள் இருவேளை குடித்தால் வயிற்றுக் கொழுப்பு முழுவதும் கரைந்துவிடும், மாத்திரையே தேவைப்படாது என்பது அதன் சாரம். பேசியவர் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. ஆயினும் நம்பும்படியான குரல்.

காக்கா அன்றே தொடங்கிவிட்டார். காலையில் ஒரு பெரிய கிண்ணம், இரவில் ஒரு பெரிய கிண்ணம். மீனை நிறுத்திவிட்டார். நண்பகலில் ஒரு பழமும் சீனி போடாத தேநீரும் மட்டும். நான் தடுத்தபோது அவர் கேட்டார்: "வாப்பா இதைத்தானே குடிச்சாங்க, தம்பி? அவங்களுக்கு வயிறு இருந்துதா?"

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் அஸர் தொழுகையில் ருகூவிலிருந்து நிமிர்ந்தவருக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் நின்றவர்கள் தாங்கிப் பிடித்தனர். பரிசோதித்ததில் உடல் எடை 86 கிலோவிலிருந்து 83 ஆகியிருந்தது. இடுப்போ 105. ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் குறைந்திருந்தது. கைகளும் தொடைகளும் மெலிந்துபோயிருந்தன. கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை அளவு 270. வயிறு இருந்த இடத்திலேயே இருக்க, தசை கரைந்துபோயிற்று என்றார் மருத்துவர். இதையெல்லாம் காக்காவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். வாப்பா உண்மையில் எதைக் குடித்தார்கள்?

எங்கள் வாப்பா தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து, மிதிவண்டியின் பின்னால் கூடையைக் கட்டி ஊர் ஊராக விற்றவர். பஜ்ருக்குப் பிறகு புறப்பட்டால் பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவார். மேடும் பள்ளமும் நிறைந்த எங்கள் விளவங்கோட்டுப் பாதைகளில் கூடையோடு மிதிவண்டி மிதிப்பது எத்தகைய உழைப்பு என்பது மிதித்தவர்களுக்குத் தெரியும். திரும்பியதும் உம்மா மண்சட்டியில் இருந்து பழங்கஞ்சியை எடுத்து வைப்பார்கள். சிவப்புச் சம்பா அரிசிச் சோற்றில் முந்தைய இரவு நீரூற்றி வைத்தது. அதில் சின்ன உள்ளியும் காந்தாரி மிளகாயும் நசுக்கிப் போட்டு, கொஞ்சம் புளித்த மோரும் கலந்திருக்கும். பிலாவிலையைக் கோட்டிக் கரண்டியாக்கி வாப்பா அள்ளிக் குடிப்பார். இவ்வளவும் காக்காவுக்கு நினைவிருக்கிறது. கஞ்சியின் பக்கத்தில் இருந்ததுதான் அவர் நினைவில் இல்லை. முந்தைய நாள் விற்காமல் மிஞ்சிய சாளையைப் பொரித்தோ குழம்பாக்கியோ வைத்தது ஒரு தட்டு நிறைய இருக்கும். மீன் இல்லாத நாளில் அவித்த சிறுபயறும் தேங்காய்ச் சம்மந்தியும் இருக்கும். எங்கள் ஊர் வழக்கில் கஞ்சியும் பயறும் என்றுதான் சொல்வார்கள். கஞ்சி என்று தனியாகச் சொல்வது குறைவு.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து உணவைப் பற்றி இப்போது பெருமையாகப் பேசும்போது நாம் ஒன்றை மறைத்துவிடுகிறோம். அன்று பலருக்குத் தொப்பை இல்லாமல் போனதற்குக் காரணம் உணவின் மகிமை மட்டுமல்ல, உணவின் பற்றாக்குறையும்தான். நாஞ்சில் நாட்டு வயல்களிலிருந்து வந்த நெல் எங்கள் மேற்குப் பகுதிக்கு எப்போதும் போதியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றதும், அன்றைய திருவிதாங்கூர் முழுவதும் மரச்சீனிக் கிழங்கை நம்பி வாழ்ந்தது. பழங்கஞ்சியில் சோற்றைவிட நீரே மிகுந்திருந்த வீடுகள் எத்தனை! பட்டினியை ஆரோக்கியம் என்று பெயர் மாற்றிக்கொள்வது நம் முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அப்படியானால் பழங்கஞ்சியில் நன்மையே இல்லையா? உண்டு. சோற்றில் நீரூற்றி இரவு முழுவதும் வைக்கும்போது லாக்டிக் அமிலத்தை உருவாக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன. புளிப்பு அதனால்தான். அரிசியிலும் பயறுகளிலும் பைட்டேட் என்றொரு பொருள் இருக்கிறது. இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நொதித்தல் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. சமைத்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத தன்மையை அடைகிறது. அது குடலின் கடைப்பகுதிவரை சென்று அங்குள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைத் துறையினர் மாநில அரசின் நிதியுதவியோடு பழைய சோற்றை ஆய்வுக்கே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் நாடியது குடல் அழற்சி நோயாளிகளின் நலத்தை. தொப்பையை அல்ல. வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வரும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

அதேபோல் நூறு கிராம் சோற்றில் இருக்கும் 3.4 மில்லிகிராம் இரும்பு, பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிவிடும் என்றொரு கணக்கும் ஆண்டுக்கணக்காகச் சுற்றி வருகிறது. இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதைப் படைக்க முடியாது. சட்டியில் இருந்த இரும்பை நம் உடல் எடுத்துக்கொள்ளும் அளவு கூடலாம். இல்லாத இரும்பு சட்டிக்குள் பிறக்காது. படைப்பவன் அல்லாஹ் ஒருவனே என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், இத்தகைய கணக்குகளை யோசிக்காமல் பிறருக்கு அனுப்புவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

புரதத்துக்கும் இதே விதிதான். நொதித்தல் புரதத்தைச் செரிப்பதற்கு எளிதாக்கும். அதைப் பெருக்கித் தராது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் 78 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. என் மைனி அளந்து பார்த்ததில் காக்காவின் ஒரு கிண்ணக் கஞ்சிக்கு 150 கிராம் அரிசி சென்றிருக்கிறது. இரு வேளைக்கும் சேர்த்து 21 கிராம் புரதம். மோரையும் சேர்த்தால் 24 அல்லது 25. மாவுச்சத்தோ 230 கிராமுக்கு மேல். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். காக்கா உண்டது அதில் பாதிகூட இல்லை. போதிய புரதமும் போதிய உணவும் கிட்டாத உடல் தன் சொந்தத் தசையை எடுத்துச் செலவழிக்கும். நாம் உண்ணும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்ளும் இடமும் அந்தத் தசைதான். அது மெலிந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். ருகூவில் தலை சுற்றியதற்கும் 270 என்ற எண்ணுக்கும் பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான்.

நம் சமையலறையிலுள்ள மற்ற புளித்த உணவுகளையும் இதே தராசில் வைத்துப் பார்த்தேன். இட்லி பழங்கஞ்சியைவிட மேலானது, ஏனெனில் அதில் உளுந்து இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அல்லாஹ்வின் ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று. ஆயினும் ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதமே இருக்கும். நான்கு இட்லிக்கு 8 கிராம். உளுந்தின் விலைக்கு அஞ்சி ஒன்றுக்கு ஐந்து என்று அரிசியைக் கூட்டிவிட்டால் அதுவும் குறையும். கடையில் வாங்கும் மாவில் என்ன விகிதம் என்பது அரைத்தவருக்கே வெளிச்சம்.

ஆப்பத்தில் உளுந்து கிடையாது, அது அரிசியும் தேங்காயும்தான். ஆப்பத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெண்கள் வகுப்பில் கள்ளைப் பற்றிய கேள்வியும் எழும். கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவு நமக்கு ஆகாது. நம் வீடுகளில் ஈஸ்ட் போட்டுச் சுடுகிறார்கள், அதில் தடையில்லை. பழங்கஞ்சி நீர் புளித்துவிட்டதே, அதைக் குடிக்கலாமா என்றும் ஒரு சகோதரி கேட்டார். புளிப்பு தடுக்கப்பட்டதன்று, போதைதான் தடுக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களுக்காக உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைப்பார்கள் என்றும், அந்த நீரை அன்றும் மறுநாளும் மூன்றாம் நாள் மாலைவரையும் அருந்துவார்கள் என்றும், அதன் பின் மிஞ்சினால் கொட்டிவிடச் செய்வார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நொதித்தலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், அந்த எல்லையை நாள் கணக்கில் கவனித்தார்கள் என்பதும் இதில் தெரிகிறது. ஓரிரவு ஊறிய கஞ்சி அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டாம் நாள் மாலைக்குள் அது கெட்டுவிடும். அதைக் குடிக்கக் கூடாது என்பதற்கு வயிற்றுப்போக்கே போதிய காரணம்.

தயிரைப் பொறுத்தவரை காக்காவே எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தார். நூறு கிராம் தயிரில் 3 கிராம் அளவுக்கே புரதம் என்று நான் சொன்னபோது, "அப்போ லப்னா?" என்று கேட்டார். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு லப்னா தெரியும். காலையில் குபூஸில் தடவி, மேலே ஒலிவ எண்ணெய் ஊற்றி உண்பார்கள். அது வேறொன்றுமில்லை, தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தது. நீர் வடிய வடியப் புரதம் செறிவாகும். கெட்டியாக வடித்தால் இரண்டு மடங்குக்கு மேலும் ஆகும். இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் இரவுதோறும் ஒரு மல்துணிப் பொட்டலம் தொங்குகிறது. வடிந்த நீரையும் உம்மா வீணாக்குவதில்லை, புளிச்சேரியில் சேர்த்துவிடுகிறார்கள். மலேசியாவில் நம் உறவினர்கள் இருக்கும் குடும்பங்களுக்குத் தெம்பே தெரிந்திருக்கும். அவித்த சோயா அவரையை ஒருவகைப் பூஞ்சையால் நொதிக்க வைத்துக் கட்டியாக்குவது. ஜாவாவிலிருந்து வந்த உணவு. நூறு கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம். நொதித்த உணவில் புரதம் என்று சொன்னால் அதற்குத்தான் பொருந்தும். புதுக்கடைச் சந்தையில் அது கிடைக்காது. எங்களுக்குப் பத்து நிமிடத் தொலைவில் கடல் இருக்கிறது. நூறு கிராம் சாளையிலோ அயிலையிலோ அதே அளவு புரதம் இருக்கும்போது தெம்பேயைத் தேடி அலைய வேண்டிய அவசியமும் இல்லை.

இனி வயிற்றுக் கொழுப்பு. தோலுக்கு அடியில் கையில் பிடிபடும் கொழுப்பு ஒருவகை. கல்லீரலையும் குடலையும் சுற்றி உள்ளே படியும் கொழுப்பு வேறுவகை. இரண்டாவதுதான் இன்சுலினைச் செயலிழக்கச் செய்து நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிவகுக்கிறது. இந்தியர்களுக்கு ஒல்லியான கை கால்களோடும் இந்த உட்கொழுப்பு சேரும். அதனால்தான் நமக்கென ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று குறைந்த எல்லையை வகுத்திருக்கிறார்கள். கால்சட்டையின் அளவு இதற்குக் கணக்காகாது, ஏனெனில் நாம் அதைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவை வைத்து அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பள்ளிவாசல் திண்ணையில் இஷாவுக்குப் பிறகு நாடாவைச் சுற்றவிட்டபோது மூச்சை இயல்பாக விட்டவர்கள் மிகச் சிலரே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நம் நாட்டில் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது. எங்கள் திண்ணைக் கணக்கு அதைவிட மோசம்.

புளித்த உணவு இந்தக் கொழுப்பைக் கரைக்கிறதா என்று உலகில் ஆராயாமல் இல்லை. ஜப்பானில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 87 பேர் பங்கேற்றனர். ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் சேர்த்த நொதித்த பாலைப் பன்னிரண்டு வாரம் குடித்தவர்களுக்கு உட்கொழுப்பின் பரப்பு 4.6 விழுக்காடு குறைந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோதும் குறைந்தது. ஆனால் குடிப்பதை நிறுத்திய சில வாரங்களில் அந்தப் பயன் மங்கத் தொடங்கியது. அது ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்த நுண்ணுயிர். உம்மாவின் மோர்ச்சட்டியில் அதுதான் இருக்கிறது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் பத்து வாரம் பங்கேற்றனர். நொதித்த உணவை மிகுதியாக உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. இது நல்ல செய்திதான். ஆனால் தொப்பை கரைந்ததாக அதில் ஒன்றுமில்லை.

கொழுப்பைக் கரைக்கும் உணவு என்று ஒன்று இல்லை என்றுதான் மருத்துவரும் சொன்னார். அவர் சொன்ன வழி நேரானது. சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் மீனையும் பயறையும் காய்கறியையும் வைக்க வேண்டும். புரதம் பசியை நெடுநேரம் அடக்கும். அதைச் செரிப்பதற்கே அதன் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செலவாகும். மெலியும்போது தசை அழியாமல் காக்கும். நாள்தோறும் நடக்கவும் வேண்டும். வயிற்றுக்கென்று தனியாகச் செய்யும் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்குமே தவிர, அங்குள்ள கொழுப்பை மட்டும் தேடிச் சென்று எடுக்காது. புரதத்தைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை செய்யும்படி மருத்துவர் வற்புறுத்தினார். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கக்கூடும். அப்போது புரதத்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போக வேண்டாம். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பை இரத்த அழுத்தக்காரர்கள் மறக்க வேண்டாம்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது என் நினைவுக்கு வந்தது திர்மிதீயில் இடம்பெற்ற நபிமொழி. மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது வேறில்லை என்றும், முதுகெலும்பை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு பானத்துக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அறிவிக்கிறார்கள். ஜும்ஆ மேடைகளில் நாம் பல முறை கேட்ட ஹதீஸ்தான். இதில் எந்த உணவின் பெயரும் இல்லை என்பதை அன்று மருத்துவரின் அறையில்தான் கவனித்தேன். எதை உண்டால் வயிறு குறையும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஹதீஸ் பாத்திரத்தின் அளவைப் பேசுகிறது. இரண்டு பெரிய கிண்ணம் பழங்கஞ்சிக்கு ஸுன்னத் என்று பெயர் வைத்தாலும் அது இரண்டு பெரிய கிண்ணம்தான். பேரீச்சம்பழம், தேன், கருஞ்சீரகம் என்று ஸுன்னத்தான உணவுகளின் பெயரால் தொப்பைக்கு மருந்து விற்பவர்கள் இந்த ஹதீஸை ஏன் அச்சடிப்பதில்லை என்று எனக்கு விளங்குகிறது. குறைவாக உண்பதைப் புட்டியில் அடைத்து விற்க முடியாது.

காக்கா பழங்கஞ்சியை விட்டுவிடவில்லை. அதை விடச் சொன்னால் வாப்பாவையே விடச் சொல்வதுபோல் அவருக்கு இருந்திருக்கும். இப்போது காலையில் 50 கிராம் அரிசியின் கஞ்சி. அதோடு 50 கிராம் சிறுபயறு அவித்தது. நண்பகலில் ஓர் அகப்பைச் சோறு, தட்டு நிறைய அவியலோ தோரனோ, 150 கிராம் மீன். மாலையில் லப்னா, வெள்ளரிக்காயோடு. இரவில் இரண்டு தோசையும் ஒரு முட்டையும். கணக்குப் பார்த்தால் 54 கிராமை ஓரளவு தாண்டிவிடுகிறது. பஜ்ருக்குப் பின் நாற்பது நிமிடம் நடக்கிறார். மாத்திரைகளைத் தவறாமல் உண்கிறார். ஐந்து மாதம் ஆகிறது. எடை 80 கிலோ, இடுப்பு 101. உணவுக்குப் பின் சர்க்கரை 160க்குப் பக்கத்தில். ஊசிப் பேச்சை மருத்துவர் இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். 90க்கு இன்னும் வெகுதூரம். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மணக்கும் நாளில் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் அதுவும் உண்டு. அன்றைக்குச் சோறு இல்லை.

இவ்வளவு கணக்குப் பார்த்தபோது, நாங்கள் தேடாத ஒன்றும் கண்ணில் பட்டது. மைனி ஒரு நாள் காக்காவின் தட்டை எடை போட்டுக்கொண்டிருந்தபோது, உங்கள் தட்டையும் போட்டுப் பாருங்கள் என்றேன். சிரித்துவிட்டு மறுத்தார். பிறகு போட்டார். 280 கிராம் சோறு, நிறையக் குழம்பு, மீனின் தலையும் வாலும். அதில் சதை 20 கிராம்கூடத் தேறாது. நடுத்துண்டுகள் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டன. காலையில் அவர் குடித்தது எல்லாரும் குடித்த பின் சட்டியில் மிஞ்சிய பழங்கஞ்சி. நாள் முழுவதும் அவருக்குக் கிடைத்த புரதம் 30 கிராமை எட்டவில்லை. அவருடைய இடுப்பு 94.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்று நான் நினைக்கவில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில்தான் முதன்முறையாக இடுப்பையும் அளந்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் 80 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தனர். பக்கத்தில் கேரளத்தில் அதைவிடவும் அதிகம். பெண்கள் மிகுதியாகத் தின்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆண்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தட்டைப் பார்த்தால் சோறு மிகுதி, மீன் குறைவு. அந்தத் தட்டை அப்படி ஆக்கியது நம் வீட்டு வழக்கம். மனைவியின் உரிமை என்ன என்று கேட்ட தோழருக்கு, நீ உண்ணும்போது அவளுக்கும் உண்ணக் கொடுப்பதை முதலாவதாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. மிஞ்சியதைக் கொடுப்பது என்று அதில் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் மீன் சட்டி அடுப்பிலிருந்து இறங்கியதும் துண்டுகளை எண்ணி, ஆளுக்கொரு சிறு பாத்திரத்தில் முதலில் பிரித்து வைத்துவிடுகிறோம். உம்மாவுக்கு ஒன்று, மைனிக்கு ஒன்று, என் மனைவிக்கு ஒன்று. விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று உம்மா முதல் நாள் கவலைப்பட்டார்கள். விருந்தாளி வந்தால் என் பங்கு போகும் என்று முடிவாயிற்று. ரமளானுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் அரிசியைக் கொஞ்சம் குறைத்துச் சிறுபயறைக் கூட்டலாமா என்று ஜமாஅத்தாரிடம் கேட்டிருக்கிறேன். வடையும் சமோசாவும் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. கஞ்சி காய்ச்சுபவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பயறு கூடினால் அடிப்பிடிக்கும், கிண்டுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றார். ஆள் தருவதாக மூத்த மாணவர்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.